மேட்டில் தள்ளுகிற கை

பேய், முனி, காத்துக்கறுப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோயிலில் சாமியாடுகிறவனைப் பார்த்தால்கூட எனக்கு எரிச்சல்தான் வரும். ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவன். சுடுகாடு, பாழடைந்த பங்களா, எல்லாவற்றையும் தாண்டி எந்த நேரத்திலும் ஹயர் போயிருக்கிறேன், ஒரு மண்ணையும் கண்டதில்லை. ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. இதை வேறொருத்தன் என்னிடம் சொல்லியிருந்தால் குடிச்சிருக்கியா என்றுதான் கேட்டிருப்பேன்.

எங்கள் தோட்டம் கித்துல்கலவுக்கு மேலே இருக்கிறது. கீழே ரப்பர், ஏற ஏறத் தேயிலை. ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து வெள்ளைக்காரர்களையும் கொழும்பு ஆட்களையும் சைக்கிளில் எங்கள் தோட்டத்து ரோடு வழியாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஹோட்டல் வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள், அமைதியான மலைப்பாதை என்று. அமைதியாம். அந்த ரோட்டோரம் நாங்கள் குடியிருந்த லயம் இருந்தது, வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள், பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும், ரேடியோ பாடும், நாய்கள் சைக்கிளைத் துரத்தும். இப்போது லயம் மண்ணுக்குள் கிடக்கிறது. அமைதியாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

என் தம்பி சிவா அந்த ஹோட்டலில் சைக்கிள் கைடு. மலையேற முடியாமல் திணறுகிற ஆளுக்குப் பக்கத்தில் தன் சைக்கிளைக் கொண்டுவந்து, ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவர்கள் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஏற்றிவிடுவான். அது எல்லாக் கைடும் செய்கிற வேலைதான். ஆனால் பொம்பளைகள் என்றால் சிவா உள்ளங்கையை வைக்கமாட்டான். விரலை மடக்கி, முஷ்டியால் தள்ளுவான். தப்பாக நினைத்துவிடக்கூடாது என்று அவனுக்கு ஒரு கூச்சம். அவன் பெண்சாதி சந்திரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எல்லாரும் கையப் புடிச்சு மலையேத்துவாங்க, இவரு குத்திக் குத்தி மலையேத்துறாரு மாமா" என்பாள். வீட்டுக்குள் பேசிச் சிரித்த விஷயம் அது. வெளியே யாருக்கும் தெரியாது.

பிறகு அந்த மழை வந்தது. லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று முன்னாடியே போய்ச் சொன்னோம். தோட்டத்து மேனேஜர் துரை பார்ப்போம் என்றார். அவருடைய பங்களாவுக்குப் பின்னால் வெடித்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பார். கடைசியில் நாங்களாகத்தான் பிள்ளைகளையும் கிழடுகளையும் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனோம். சிவாவும் வந்துவிட்டான். வந்தவன், மாடு கொட்டகையில் கட்டிக் கிடக்கிறது, அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனான்.

மாடு வந்தது. கழுத்துக் கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. அவன் வரவில்லை.

ஆமிக்காரர்கள் தோண்டினார்கள், பெக்கோ மெஷின் தோண்டியது. ஸ்கூலுக்கு வரமாட்டேன் என்று நின்ற சிலருடைய உடம்பு கிடைத்தது. சிவா கிடைக்கவில்லை. மண் இன்னும் சரியும், இனித் தோண்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிய ஆட்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அவர்களும் போனார்கள். கொழுந்து லொறி போக வழியில்லை என்றதும் அதே பெக்கோ திரும்பி வந்து, அந்த மண்ணுக்கு மேலேயே ரோட்டை வெட்டிக் கொடுத்தது. ஆளைத் தோண்ட முடியாத மண்ணில் ரோடு மட்டும் போடலாம்.

சந்திரா பொட்டை அழிக்கவில்லை. உடம்பு இல்லாவிட்டால் வாழைத்தண்டை வைத்துக் கருமாதி செய்யலாம் என்று பூசாரி சொன்னதற்கு, "நான் என்ன வாழைமரத்தையா கட்டிக்கிட்டேன்?" என்று கேட்டாள். பூசாரி எழுந்து போனார். எங்கேயாவது அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பார், ஒரு நாளைக்கு வருவார் என்பாள். அதே வாயால் மண்ணுக்குள்தான் இருக்கிறாரா என்று பார்க்கிறேன் என்று மம்பட்டியை எடுத்துக்கொண்டு சாயந்தரம் சாயந்தரம் அந்தச் சரிவுக்குப் போவாள். தனியாகத் தோண்டுவாள். தோண்டின குழியில் மேல் மண் வந்து விழும், மறுபடி தோண்டுவாள். ஒரு தடவை இடுப்பு வரைக்கும் மண் மூடி, நான்தான் இழுத்தெடுத்தேன். "இன்னொரு மழை வந்தா நீயும் உள்ள போயிருவ" என்றேன். "போனா அவரு எங்க இருக்காருன்னு தெரிஞ்சிரும்ல மாமா" என்றாள். மம்பட்டியை ஒளித்து வைத்தேன். அடுத்த நாள் வேறொன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனாள்.

ஹோட்டல்காரர்கள் சிவாவின் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வழியாகப் போனால் சந்திராமேல் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம், அதனால் ஏற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் கொழும்பு ஆட்கள் கொஞ்சப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பகல். மண் சரிந்த இடத்து மேட்டுக்கு வரும்போது பனிமூட்டம் இறங்கியிருந்தது. இளவட்டங்கள் என்னோடு ஏறிவிட்டார்கள். வயசான ஒரு சிங்கள அம்மா மட்டும் பின்தங்கிவிட்டார். அந்த நோனா இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார் என்று நினைத்து மேட்டு உச்சியில் நின்றேன். நம்பினால் நம்புங்கள், அவர் மூட்டத்துக்குள்ளிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே வெளியே வந்தார். சைக்கிள் நல்ல வேகம். கால் பெடலை மிதிக்கவே இல்லை, சும்மா வைத்திருந்தார். அந்த மேட்டில் நானே எழுந்து நின்று மிதித்தால்தான் ஏறும்.

உச்சிக்கு வந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், "மத்த மல்லி எங்கே? அந்தத் தம்பிக்கு நன்றி சொல்லணும்."

"எந்த மல்லி?"

"என்னைத் தள்ளிக்கிட்டு வந்தவன். போதும் போதும்னேன், விடவே இல்ல. நல்ல பொடியன். கையை விரிச்சு முதுகுல வைக்கல, முஷ்டியாலதான் தள்ளினான். அதனாலதான் நானும் இறங்காம வந்தேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கத்தினேன். "செத்தவனை வச்சு விளையாடுறீங்களா?" என்றேன். மற்றவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அந்த நோனா பயந்துபோய் அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆளோட மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று கொஞ்சம் தணிந்து கேட்டேன்.

"மேட்டுல திரும்பினா விழுந்துருவேனே மகன்" என்றார்.

அடுத்த நாள் வேண்டுமென்றே தனியாகப் போனேன். காற்றாயிருக்கும், கிழவிக்கு மூச்சு வாங்கி ஏதோ தோன்றியிருக்கும் என்று நிரூபிக்கத்தான் போனேன். மேட்டடியில் நின்று, சிவா, நீ இல்லைன்னு எனக்குத் தெரியும் என்று சத்தமாகவே சொல்லிவிட்டு மிதித்தேன். மேட்டின் பாதியில் இடுப்புக்கு மேலே ஒரு உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. அவசரமில்லாத கை. கால் இலேசாகிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நோனாவுக்காவது விழுந்துவிடுவோம் என்ற பயம். எனக்கு, பார்த்தால் அவன் போய்விடுவான் என்ற பயம். உச்சி வந்ததும் கை எடுபட்டது. அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதேன், அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

சந்திராவிடம் சொல்வதா வேண்டாமா என்று சில நாள் யோசித்தேன். சொன்னால் பைத்தியம் முற்றிவிடும் என்று பயந்தேன். ஆனால் வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது, அவளோ தோண்டுவதை விடவில்லை. சொல்லிவிட்டேன். முஷ்டி என்றதும் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை இறக்கி வைத்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க மாமா."

"சைக்கிள் உனக்கு ஓட்டத் தெரியாதே."

"நடந்து ஏறுறேன். இத்தன காலமா அந்த மேட்டுல கொழுந்துக் கூடையோட ஏறினவதானே நான்."

போனோம். நான் கீழே நின்றுகொண்டேன். அவள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மெதுவாக ஏறினாள். நடுவில் நின்றாள். முதுகை இலேசாகப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள், பார்க்க முடியவில்லை எனக்கு. மறுபடி நடந்தாள், மறுபடி நின்றாள். மூட்டம் வந்து மூடிவிட்டது.

நான் ஏறிப் போனபோது உச்சியில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"இன்னொரு தடவ ஏறிப் பாக்குறியா?"

"எதுக்கு? யாருன்னே தெரியாத அந்த நோனாவத் தள்ளினாரு. உங்களத் தள்ளினாரு. நான் வரேன், என்னைத் தொடல." கையில் அகப்பட்ட மண்ணை அள்ளிக் கீழே போட்டாள். "உசிரோட இருந்தா என்னைத் தொடாம விடுற மனுசனா மாமா அவரு? சாமத்துல வந்தாக்கூட காலை சொரண்டி எழுப்பிப் பேசிட்டுத்தான் படுப்பாரு." பிறகு, "செத்துட்டாரு" என்றாள்.

முந்தானையால் அவளே பொட்டைத் துடைத்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

வாழைத்தண்டுக்குச் சிவாவின் ஹோட்டல் டீசேர்ட்டைப் போட்டு, மேலே ஹெல்மெட்டை வைத்து, தப்படித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சுடுகாட்டில் புதைத்தோம். துரை வரவில்லை, மாலை அனுப்பினார். அதைத் தூக்கிச் சாக்கடைக் கானில் போட்டேன். கருமாதி முடிந்த அன்று சந்திரா இரவல் மம்பட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். இப்போது கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். பிறகு வந்த மழையில் அந்தச் சரிவு இன்னொரு தடவை இறங்கியது. அவள் தோண்டிக்கொண்டிருந்த இடம் முழுக்க மூடிவிட்டது. அன்றைக்கு அவள் வீட்டில் இருந்தாள்.

இவ்வளவுதான் என்றால் நானும் இதை மறந்திருப்பேன்.

போன கிழமை சந்திரா கேட்டாள், "மாமா, இன்னும் தள்ளுறாரா?"

"இல்லம்மா" என்றேன். "தள்ளுறதில்ல."

பொய் சொல்லவில்லை. கருமாதிக்குப் பிறகு அவன் யாரையும் தள்ளுவதில்லை. ஆனால் மேட்டில் ஒரு இடம் இருக்கிறது, உச்சிக்குக் கொஞ்சம் கீழே. அங்கே வந்ததும் என் சைக்கிள் நிற்கிறது. முதல் தடவை பிரேக் ஒட்டிக்கொண்டது என்று இறங்கிப் பார்த்தேன். செயினைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. ஹோட்டலில் வேறு சைக்கிள் வாங்கிக்கொண்டு போனேன், அதுவும் அங்கேதான் நின்றது. கூட வருகிறவர்கள் என்னைத் தாண்டி ஏறிப் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு மட்டும்தான். சீட்டுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றிக்கொண்டு, போகவிடமாட்டேன் என்று ஒருத்தன் இழுக்கிறான். ஒவ்வொரு தடவையும் அதே இடம், ஒரு அடி தள்ளிக்கூட இல்லை. நான் இறங்கி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறேன். சந்திராவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த இடத்தைத் தோண்ட மம்பட்டி எடுப்பாள்.