பழைய பூச்சு

ஜம்புலிங்கத்துக்கு அருவருப்பு ரத்தத்தில் ஊறியது. ஆவடி குவார்ட்டர்ஸில் அவர் தண்ணீர் குடிக்கும் டம்ளரை வேறு யாரும் தொடக் கூடாது. பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். இப்படிப்பட்ட மனிதரைத்தான் பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலையில் இரும்புக்கு உலோகப் பூச்சு போடும் பிளேட்டிங் ஷாப்பில் போட்டிருந்தார்கள். இரும்பைக் கழுவும் அமிலத் தொட்டிகளின் ஆவி சட்டையில் ஏறி, சோற்றிலும் வந்து உட்கார்ந்தது. அந்த இடத்தை நினைத்தாலே அவருக்குக் குமட்டும்.

தொண்ணூற்றெட்டில் ஒரு வழி பிறந்தது. தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்குகிறார்கள், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டும், திங்கட்கிழமை அதிகாரிகள் முன்னால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜம்புலிங்கம், இன்னொருவர் மெஷின் ஷாப் ஜோசப்ராஜ். இதை விட்டால் ரிட்டயர் ஆகும்வரை அமிலத் தொட்டிதான் என்று ஜம்புலிங்கத்துக்குத் தெரியும்.

மகள் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியும் இருந்தது. ஏற்றுவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பத்திரிகை தெளிவாகவே சொல்லியிருந்தது. இருக்கிற விண்டோஸை அழிக்காமல் ஓரமாக ஒதுக்கி ஹார்ட் டிஸ்க்கில் இடம் பண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கம்ப்யூட்டரைக் கிளப்பி சிடியைப் படிக்கவைக்கும் தொடக்க ஃபிளாப்பி ஒன்றை அந்த சிடியிலிருந்தே தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜம்புலிங்கம் முகத்தைச் சுளித்தார். மச்சான் ஏற்றிவிட்டுப் போன விளையாட்டுகள், எங்கிருந்தோ ஒட்டிய வைரஸ், அந்தக் குப்பைக்குப் பக்கத்தில் புதுசைக் குடிவைப்பதா? வெறும் உலோகம் தெரியும்வரை பழைய பூச்சை உரிக்காமல் புதுப் பூச்சு போட்டால் கொப்பளித்துவிடும் என்பது பிளேட்டிங் ஷாப்பின் முதல் பாடம். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹார்ட் டிஸ்க் முழுவதையும் சுத்தமாக அழித்தார். மனசுக்கு இதமாக இருந்தது.

பிறகு சிடியைப் போட்டார். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சிடியைப் படிக்கத் தெரிந்ததே அந்த விண்டோஸுக்குத்தான். அதைத்தான் தன் கையாலேயே கழுவி ஊற்றியிருந்தார். இனி வேறொரு கம்ப்யூட்டரில்தான் ஃபிளாப்பி தயாரிக்க முடியும். அவருக்குத் தெரிந்து இன்னொரு கம்ப்யூட்டர் ஜோசப்ராஜ் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

வெட்கத்தை விட்டு, சிடியோடு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனார். ஜோசப்ராஜ் மீன் குழம்புச் சோற்றுத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். போட்டிக்காரன் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? குடு அண்ணாத்தே, நானே போட்டுத் தரேன்" என்று விரலை நக்கிவிட்டு, லுங்கியில் துடைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

கீபோர்டில் காய்ந்த குழம்பு. மௌஸின் மேல் எறும்பு. ஜம்புலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்தில் ஃபிளாப்பி தயாரானது. அதன் லேபிளில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. கைக்குட்டையால் வாங்கிக்கொண்டார். பஸ் நிறுத்தம் வரைக்கும் தாங்கவில்லை. ஃபிளாப்பியைக் கைக்குட்டையோடு சேர்த்துச் சாக்கடையில் போட்டுவிட்டார்.

வீட்டில் ஒருமுறைகூட ஏற்றிப் பார்க்காததால், திங்கட்கிழமை அவர் முதல் படியிலேயே திணறினார். ஜோசப்ராஜ் ஒரு மணி நேரத்தில் ஏற்றிக் காட்டிவிட்டு வேலையை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் அந்தக் குழம்புக் கையைப் பற்றியே புலம்பித் தீர்த்தார். அந்த அசிங்கம் பிடித்தவனுக்குப் போய்க் கொடுத்தார்களே என்றார். மனைவி கஸ்தூரி அவருடைய தொழிற்சாலைச் சட்டையை, எப்போதும்போலத் தனி வாளியில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"மீன் கொழம்பு கறை சோப்பு போட்டா பூடும். உங்க மேல கீற நாத்தம் பத்தொம்பது வருசமா போவல. ஒரு நாளாவது நான் மூஞ்ச திருப்பிக்கினனா?" என்றாள்.

ஜம்புலிங்கம் தன் புறங்கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். அவருக்குக் குமட்டியது.