மகள் சொல்ல மறுத்த வார்த்தை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸின் லாங்கன்தால் நகரில் எங்கள் ஆட்கள் இலவசமாகப் பார்க்கட்டும் என்று, தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றி வந்தேன். அது குற்றம் என்று தெரிந்தும், யார் தேடி வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். டொச், அதாவது ஜெர்மன் மொழி, மகளுக்குத்தான் தெரியும் என்பதால் வீட்டு இணைய இணைப்பு அவள் பெயரில் இருந்தது. பொலிஸ் அழைப்பும் அவளுக்கே வந்தது. அவள் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது.

"அப்பா, நீங்கள் வாய் திறக்கக்கூடாது, சரியோ? நான்தான் ஏத்தினனான் எண்டு சொல்லுறன். உங்கட விசாவில கை வச்சாங்கள் எண்டால் என்ன செய்யிறது?" என்றாள்.

நான் மறுக்கவில்லை. அவளோடு பஸ் ஏறிப் பொலிஸ் நிலையம் போனேன்.

அங்கே அதிகாரியிடம் அவள் டொச்சில் பேசத் தொடங்கியதும் என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"நான்தான் செய்தனான். அவருக்குச் சொல்லு பிள்ளை."

பள்ளிக்கூடம் போன நாள் முதல் என் சொற்களையெல்லாம் டொச்சில் சொல்லிவந்தவள், கண் கலங்கி என்னைப் பார்த்தாள்.

"இதை மட்டும் சொல்ல மாட்டன் அப்பா."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை நான் பிள்ளையின் பின்னால் ஒளிந்தே வாழ்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அதிகாரி ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் வந்தார். நான் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டேன்.