ஏழாம் விதியை மாற்றிய கதை

அடையாறில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் பதினோரு குழந்தைகளை வைத்துக் கிரெச் நடத்திவந்தேன். சேர்க்கைப் படிவத்தை நான் எழுதவில்லை. வேறொரு கிரெச்சின் படிவத்தை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அதன் ஏழாவது விதி: ‘காரணம் கூறாமல் எந்தக் குழந்தையையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்த நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.’ எட்டாவது: ‘குழந்தைக்கு ஏற்படும் எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.’ பெற்றோர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நானும் ஒழுங்காகப் படித்ததில்லை.

ராயப்பேட்டையிலிருந்து ஒரு நர்ஸ் தன் இரண்டு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து விடுவார். கோபம் வந்தால் அந்தக் குழந்தை கடித்துவிடும். ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளைக் கடித்ததும் மற்ற பெற்றோர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று மாலையே நர்ஸிடம், நாளையிலிருந்து பாப்பாவை அழைத்துவர வேண்டாம் என்றேன்.

“இன்னா மேடம், திடீர்னு சொல்றீங்க? காலைல எனக்கு டூட்டி கீது. பாப்பாவ எங்க வுடுவேன்?”

“ஏழாவது ரூலைப் பாருங்கம்மா. கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

அவர் வாதாடவில்லை. படிவத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் கழித்துப் பதிவுத் தபாலில் அவர் கைப்பட எழுதிய கடிதம் வந்தது. இந்த விதிகள் நியாயமற்றவை, பதில் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றிருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. தி.நகரில் வக்கீலாக இருக்கும் கல்லூரித் தோழியிடம் கடிதத்தையும் படிவத்தையும் கொண்டுபோனேன்.

“பெத்தவங்க நிறுத்தணும்னா மூணு மாசம் முன்னாடி சொல்லணும்னு இதே ஃபார்ம்ல போட்டிருக்கே. நீ மட்டும் காரணமே சொல்லாம ஒரே நாள்ல அனுப்பலாமா? இதுக்குச் சட்டத்துலயே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’னு பேர் இருக்குடி. கையெழுத்து உன்னைக் காப்பாத்தாது.”

“எல்லாரும் இதைத்தான் போடறாங்க.”

“எட்டாவதைப் படி. அடிபட்டா பொறுப்பில்லேங்கறே. அப்ப காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அங்க என்ன பண்றே?”

ஆட்டோவில் திரும்பும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு குழந்தை விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் நான். என் பெயர் போட்ட தாளோ வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் படிவத்தைப் புதிதாக எழுதினேன். யார் நிறுத்துவதானாலும் ஒரு மாதம் முன்னால், காரணத்தை எழுதித் தர வேண்டும். எங்கள் கவனக்குறைவால் அடிபட்டால் அது எங்கள் பொறுப்பு. பிறகு நர்ஸுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது, பாப்பாவை அழைத்து வாருங்கள் என்றேன்.

“பத்து நாளா லீவு போட்டுக்கினு வீட்ல கீறேன் மேடம். திங்கக்கிழமை வரேன்.”

மற்ற பெற்றோரைக் கூட்டி இதைச் சொன்னபோது ஒரு தந்தை எழுந்துவிட்டார். “எங்க குழந்தைக்கு என்ன சார் பாதுகாப்பு? கடி வாங்கிண்டே இருக்கணுமா?” என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கேட்டார்.

“ஒரு ஆயா அந்தக் குழந்தை கூடவே இருப்பாங்க,” என்று நான் பதில் சொன்னேன். “ஆனா யார் குழந்தையையும் இனிமே ஒரே நாள்ல அனுப்ப மாட்டேன். உங்க குழந்தையையும்தான்.”

இரண்டு குடும்பங்கள் விலகின. வருத்தமாக இருந்தது. படிவத்தை மாற்றவில்லை.

திங்கட்கிழமை நர்ஸ் வந்தார். குழந்தை நேரே பொம்மைக் கூடைக்கு ஓடியது. புதுப் படிவத்தை நீட்டினேன். அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. நின்றபடியே கடைசி வரி வரை படித்தார்.

“கடிச்சா அன்னிக்கே எனக்கு போன் பண்ணணும். அதையும் எழுதுங்க மேடம்.”

எழுதினேன். அதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கினார்.