மஞ்சள் பூசாத கன்னம்

ராயபுரம் கரையில் எங்கள் அத்தை மீன் ஏலத்துக்கு வந்து நின்றால் ஆம்பிளைகளே கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார்கள். வாய் அப்படி. அந்த வாய்க்குள்ளேயே, எந்நேரமும் புகையிலை அடக்கி வைத்திருந்த வலது கன்னத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள்.

கரண்டு வைப்பது என்று முடிவாயிற்று. எக்ஸ்ரே மெஷின் மாதிரி ஒன்றைத் தினமும் கட்டிக்கு நேராகக் காட்டுவார்கள். இடம் தவறக் கூடாது என்று டாக்டரம்மா அத்தையின் கன்னத்தில் ஊதா மையால் ஒரு கட்டம் போட்டு அனுப்பினார். அது அழியக் கூடாது, அங்கே தண்ணீரோ மஞ்சளோ பட்டால் தோல் புண்ணாகிவிடும் என்றார். கட்டியைச் சுடுவதுதான் மெஷினின் வேலை, சுட்ட இடத்தை ஆற்றிக்கொண்டு வருவது உன் உடம்பின் வேலை, ஆகவே வலித்தாலும் சாப்பிடு என்றும் சொல்லியிருந்தார்.

அத்தை சாப்பிட்டாள். வாயெல்லாம் புண். கேழ்வரகுக் கஞ்சி இறங்கும்போது கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டும். போதும், விட்டுவிடு என்று அம்மா கெஞ்சினால் முறைப்பாள். சட்டியை வழித்துக் குடித்த பிறகுதான் கீழே வைப்பாள். யார் மேல் இவ்வளவு கோபமோ என்று நான் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வினை மஞ்சளில் வந்தது. புருஷன் கடலில் இருக்கும்போது பெண்டாட்டி மஞ்சள் பூசாத முகத்தோடு இருந்தால் கடல் அவனைத் திருப்பித் தராது என்பது எங்கள் குப்பத்தின் நம்பிக்கை. மாமாவோ தினமும் கட்டுமரம் ஏறுகிறவர். காற்று மோசமாக அடித்த ஒரு காலையில், அவர் கடலில் இருக்க, அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அத்தையின் கன்னத்தில் மஞ்சளை இழைத்துப் பூசிவிட்டாள். கட்டம் கலங்கிப் போயிற்று, தோலும் கொப்பளித்தது. டாக்டரம்மா இருவரையும் நிற்க வைத்துத் திட்டிவிட்டு, மறுபடி அளந்து கட்டம் போட்டார்.

அதோடு விட்டதா? திருவொற்றியூரிலிருந்து மாமாவின் அக்கா கிளம்பி வந்தாள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"உன் உசுரு பெர்சா, என் தம்பி உசுரு பெர்சாம்மே? அவன் கடல்ல கீறசொல்ல நீ வெறும் மூஞ்சியா குந்திகினு கீற."

யாருக்கும் அடங்காத அத்தை அன்று வாயடைத்து உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி ஆறிப்போய்க் கிடந்தது. நாளையிலிருந்து ஆஸ்பத்திரி வேண்டாம், அவர் நல்லபடியாக இருந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லி, மஞ்சள் கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டாள். வலையை உதறிக்கொண்டிருந்த மாமாவின் காதில் அது விழுந்தது.

மறுநாள் மாமா கடலுக்குப் போகவில்லை. துடுப்பைக் கூரையில் சொருகிவிட்டு, ஹார்பரில் கப்பலிலிருந்து கரி இறக்கும் கூலிக்குப் போனார். அடுத்த நாளும் அப்படியே. புருஷன் கரையில் இருக்கும்போது மஞ்சளைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது. மாமாவின் அக்காவும் ஊருக்குப் போய்விட்டாள். அத்தை மறுபடி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

எனக்குத்தான் மானம் போயிற்று. உங்கள் மாமா கடலைக் கண்டு ஓடிப்போன ஆள் என்று எங்கள் தெருவில் இருந்த பெண்களெல்லாம் என்னைக் கேலி செய்தார்கள். ஒரு சாயங்காலம், உடம்பெல்லாம் கரியாக வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம், கடல் என்றால் உனக்கு அவ்வளவு பயமா மாமா என்று கேட்டே விட்டேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அத்தை கண்ணீரைத் துடைத்துத் துடைத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா கண்ணு," என்றார். "ரொம்ப பயமா கீது."

கட்டி கரைந்து, அத்தை மறுபடியும் ஏலத்தில் நின்று ஊரையே ஏசத் தொடங்கிய பிறகும் வெகுகாலம், மாமா பயந்தது கடலுக்குத்தான் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.