வட்டத்தில் நான் திறக்காத வாய்

மரியதாஸ் அண்ணனின் ரகசியத்தை வெளியே சொன்னவன் நான். காதர் பாய் அல்ல.

நாங்கள் கூடி வாழ்ந்த அந்த வீட்டை ஆரம்பித்தவனும் நானே. ஒரு மதியம் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கரண்ட் போனது. தையல் மெஷின்கள் அத்தனையும் ஒரே நொடியில் அடங்கின. அந்த அமைதியில் மனிதர்கள் மூச்சு விடுவது கேட்டது... இவர்களுக்கும் உள்ளே ஒரு வாழ்க்கை இருக்கிறதே! இவர்களை ஒரே கூரையின் கீழ் கூட்டினால் என்ன என்று தோன்றியது.

அதே மாதம் அருள்புரத்தில் வீடு பிடித்தேன். என்னோடு சேர்த்து ஆறு பேர். பொதுச் சமையல், விடியலில் அரைமணி மௌனம், ஞாயிறு மாலை வட்டம். வட்டத்தில் அவரவர் குற்றத்தை அவரவரே சொல்ல வேண்டும். கேட்டது வாசலைத் தாண்டக் கூடாது. விதியை எழுதியது இந்தக் கைதான்.

"பாவசங்கீர்த்தனம் கேக்க நீ என்னல சாமியாரா?" என்று சிரித்தவர் மரியதாஸ் அண்ணன். திருச்செந்தூர்ப் பக்கத்து டெய்லர். ஏழாவது ஞாயிறு அவரே உடைந்தார். சொந்தத் தம்பியை அரிவாளால் வெட்டிவிட்டு ஜெயிலில் இருந்தவராம். வட்டத்தில் பக்கத்தில் இருந்த காதர் பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வந்தது இரக்கம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, பெருமை! நம் வீடு பலித்துவிட்டது!

மறுநாள் மேனேஜரிடம் அளந்தேன். இதேபோல் இரண்டாவது வீடு தொடங்க அவர் தயவு வேண்டியிருந்தது. "எப்பேர்ப்பட்ட ஆளையும் மாத்திருதுங்க சார். ஜெயிலுக்குப் போனவரே அழுதுட்டாருங்க."

"யாருங்க அது?"

சொன்னேன்.

இரண்டே நாளில் அண்ணனைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வட்டத்தில் எல்லார் கண்ணும் காதர் பாய் மேல். அவர் மச்சான் எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அல்லவா!

"உன் கையைப் பிடிச்சில்லா அழுதேன், பாய்!" என்றார் அண்ணன்.

"அல்லா மேல ஆணைங்க, நான் சொல்லலீங்க." பாய் என்னைத்தான் பார்த்தார். வட்டத்தை நடத்துகிறவன் நான் அல்லவா...

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நேரம் மௌனமா இருப்போமுங்க."

மறுநாள் விடியலில், அந்த அரைமணியில்தான், பாய் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். ஒருவரும் பேசவில்லை. விதி அப்படி!

அண்ணனும் போய்விட்டார். எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. காதர் பாய் மடத்துக்குளத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். இரண்டு முறை அவரைப் பார்க்கக் கிளம்பி, வழியில் உடுமலை வரை போய்த் திரும்பிவிட்டேன்.

இந்த ஞாயிறு கடை வாசல்வரை போகப்போகிறேன். சொல்லிவிடுவேன்...

கேட்டுவிட்டு அவர் மெஷினை நிறுத்தினால்? ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தால்?