நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தபோது நடந்தது இது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு விவசாயி, காய்ச்சலில் கிடந்த மனைவியைக் கொண்டுவந்து சேர்த்தார். படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்த என்னிடம், "சிஸ்டர், இவளுக்கு பென்சிலின் ஊசி ஆவாது. முன்ன ஒருதடவ போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கிட்டு" என்றார்.

"சரி அண்ணாச்சி, எழுதிருதேன்" என்றேன்.

அதே நேரத்தில் குற்றாலத்தில் வழுக்கி விழுந்த இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஓட்டத்தில் கேஸ் ஷீட்டில் எழுத மறந்துபோனேன்.

சாயங்கால ஷிப்டுக்கு வந்தவள் வேலையில் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண். டாக்டர் எழுதியிருந்த பென்சிலின் ஊசியை அவள் போட்டாள். சற்று நேரத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறிவிட்டது. ஐ.சி.யூ.வில் இரண்டு நாள் வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

விசாரிக்காமல் ஊசி போட்டாள் என்று பழி முழுவதும் அந்தப் பெண் மேல் விழுந்தது. "ஒரு சிஸ்டர்ட்ட சொன்னேனே" என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே உடுப்பு, முகத்தில் மாஸ்க். நான் இரண்டடி தள்ளி நின்று டிரேயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்பது உண்மை. அதைவிட, எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டுமே என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பெஞ்சிலேயே முழங்கால் போட்டேன். 'ஆண்டவரே, எனக்குத் தைரியமே இல்லை. வேலை போனாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. நீர் கூட வாரும், நான் போய்ச் சொல்கிறேன்.' அவ்வளவுதான் ஜெபம். பயம் போகவில்லை. ஆனால் கால் நடந்தது. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் பஸ் ஏறினேன்.

நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரனிடம் நடந்ததைச் சொன்னேன். "இத்தன நாளு ஏட்டி வாயத் தொறக்கல?" என்றார். பிறகு என்னை வார்டுக்கு அழைத்துப்போய், "நீயே அவங்கட்ட சொல்லு" என்றார்.

சொன்னேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். "நான் சொன்னேன்னு யாருமே நம்பலம்மா. இவ கூடப்பிறந்தவனுவளே, நீரு மறந்திருப்பேருன்னு சொல்லிட்டானுவ. சொல்லலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு."

என் மௌனம் அவரையும் வதைத்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. படுக்கையிலிருந்த அந்த அம்மா என் கையைப் பிடித்து, "அழாதீய" என்றாள்.

ஒரு மாதம் வேலைக்கு வரக்கூடாது என்றார்கள். அந்தப் பெண்ணின் மேல் இருந்த பழி நீங்கியது. நான் திரும்பி வந்த பிறகும் அவள் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த நாலு நாளும் நான் எங்கம்மாட்ட கூட போன்ல பேசல" என்றாள்.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன்.