தனக்கோடிக்கென்று ஓர் அளவு

தனக்கோடிக்குச் சூடு வருவது முதலில் காதுமடலில்தான் தெரியும். பிறகு கழுத்து, நெஞ்சு, கடைசியில் உள்ளங்கை. சாயம் காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்தில் போய் நின்ற மாதிரி இருக்கும். எதிரே பேசுகிறவர்களின் குரல் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். ஜன்னல் வெயிலும் மூலையில் இருக்கும் பானையும் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போல லேசாக அசையும். இரண்டு மூன்று நிமிஷம்தான். அப்புறம் வேர்த்துக் கொட்டி, உடம்பு சில்லிட்டு, உலகம் பழையபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கை மட்டும் நனைந்தே இருக்கும்.

1982-இல் அவளுக்கு வயது நாற்பத்தேழு. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. இந்த வயதில் இதெல்லாம் வரும், தானாகப் போகும் என்று ஆரணியில் பார்த்த பெண்களெல்லாம் சொன்னார்கள். சொல்வதற்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். அவர்களுக்குக் கை நனைந்தால் முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். தனக்கோடியின் பேரும் மரியாதையும் அந்த விரல்களில் அல்லவா இருந்தன.

அவள் பாவு பிணைக்கிறவள். பாவு என்றால் தறியில் நெடுக்கே ஓடும் இழைகள். தறியில் ஒரு பாவு முடிந்ததும் அதன் நுனிகளை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக அவற்றோடு சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. முடிச்சுப் போடக் கூடாது. போட்டால் தறி அச்சின் பல்லில் மாட்டி அறுந்துவிடும். சாம்பல் தொட்ட விரலால் இரண்டு நுனியையும் உருட்டி ஒன்றாக்கிவிட வேண்டும். பன்னிரண்டு வயதில் உட்கார்ந்தவள். நூலில் ஒரு முடிச்சைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. யார் வீட்டு நூலாக இருந்தாலும் அதை நகத்தால் கிள்ளி எடுத்து, உருட்டிச் சேர்த்துவிட்டுத்தான் மறு பேச்சு.

அப்பேர்ப்பட்டவள் அந்தப் பங்குனியில் சேவூர் தறிக்காரர் வேணுகோபால் வீட்டில் பிணைத்த பாவை இழுத்தபோது, இருநூறு இழை அவிழ்ந்து கையோடு வந்தது. ஈரக் கையில் உருட்டிய பிணை எப்படி நிற்கும்?

வேணுகோபால் நல்ல மனுஷன். அதனால்தான் இன்னும் வலித்தது. "வயசாயிடுச்சும்மா, பேஜார் பட்டுக்காதே. அடுத்த பாவுக்குக் காத்தாயியை வரச் சொல்லிக்கிறேன்" என்றார். ஏசியிருந்தாலாவது பதிலுக்கு ஏசியிருக்கலாம்.

தனக்கோடி அன்று அழுதாள். கணவன் சக்கரவர்த்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பக்கத்து வூட்டு சாவித்திரி வேலூரு டாக்டரம்மாகிட்ட இதுக்குத்தான் மாத்திரை சாப்டுதாம். அதுலயே நாலு வாங்கிப் போட்டுக்கயேன். எதுக்கு பஸ் ஏறிகினு போவணும்?" என்றான். ஆண்பிள்ளை யோசனை. ஆனாலும் பஸ் ஏற்றிவிட்டது அவன்தான்.

டாக்டரம்மா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சாவித்திரிக்குக் கர்ப்பப்பையை எடுத்தாச்சு. உங்களுக்கு இருக்கு. அவங்க மாத்திரையை மட்டும் நீங்க தின்னா வேற வினை வந்து சேரும். உடம்பில சுரக்கிற ஒரு ஹார்மோன் உங்களுக்குக் குறைஞ்சுபோச்சு. அதைத்தான் கொஞ்சமா வெளியிலேருந்து குடுக்கப் போறேன். எவ்வளவுங்கறது ஒவ்வொருத்தர் உடம்புக்கும் வேற வேற. உங்க அளவைக் கண்டுபிடிக்க ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்றார்.

மார்பைப் பரிசோதித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், தாய்வழியில் யாருக்காவது கட்டி கிட்டி உண்டா என்று கேட்டார். தனக்கோடி திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு அளவு உண்டு, பாவுக்கு அளவு உண்டு. தனக்கென்று ஓர் அளவு இருக்கும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

முதல் மாதம் கொடுத்தது போதவில்லை. சூடு அது பாட்டுக்கு நாளைக்குப் பத்துத் தரம் வந்தது. இரண்டாம் மாதம் கூட்டிக் கொடுத்தார். சூடு நின்றது, ஆனால் மார்பு கனத்து வலித்தது, கால் வீங்கியது, நாள் தவறாமல் யாருடனாவது சண்டை வந்தது. மூன்றாம் மாதம் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு.

"கொஞ்சம் வருது, கொஞ்சம் வரலைன்னு சொன்னா எனக்குப் புரியாது. இந்த மாசம் எத்தனை தரம் சூடு வருதுன்னு கணக்கு வச்சுக்கிட்டு வாங்க. அதைப் பாத்துத்தான் இதே அளவா, மாத்தணுமான்னு சொல்லுவேன்" என்றார் டாக்டரம்மா.

தனக்கோடிக்கு எழுத வராது. எழுதத் தெரிந்த சக்கரவர்த்தியிடம் இதையெல்லாம் சொல்ல வெட்கம். கழிவுப் பட்டில் நீளமாக ஒரு மஞ்சள் இழை எடுத்தாள். சூடு வந்தால் ஒரு முடிச்சு. நாள் முடிந்தால் ஒரு துளி சிவப்பு நூலை வைத்து ஒரு முடிச்சு. மனசுக்கு ஒவ்வாத வேலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

அந்த மாதம் அவளுக்குத் தூக்கம் திரும்பி வந்தது. ஒரு வருஷமாக நனைந்த ரவிக்கையோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தவளுக்கு, தூக்கம் என்பது இத்தனை இனிப்பானதா என்று ஆச்சரியமாக இருந்தது. கனவுகள் வந்தன. சேவூர் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கிறாள். அடியிலிருந்து இழைகள் எழும்பி வருகின்றன, அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நிறம். அவள் போகப் போக அவை விலகி வழிவிடுகின்றன. கரையில் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவசரமே இல்லாத குரல். விழித்த பிறகும் அந்த ஈரம் பாதத்தில் இருக்கும். சந்தோஷமாக இருந்தாள், அதைச் சொல்ல என்ன தயக்கம்?

அந்தத் தெம்பில்தான் வேணுகோபாலிடம் போய் நின்றாள். "அண்ணா, கைக்கு வேலூரு டாக்டரம்மா மருந்து குடுக்கறாங்க. ஒரே ஒரு பாவு குடுங்க." அவர் அவள் விரல்களைப் பார்த்தார். "வர்ற வெள்ளிக்கிழமை வா. இந்தத் தபா அவுந்துச்சின்னா அப்புறம் என்னைக் கேக்காதே."

செவ்வாய்க்கிழமை வேலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கணக்கு நூலைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணமங்கலம் தாண்டியதும் மலைப்பக்கத்துக் காற்று வந்து முகத்தைத் தடவியது. வயல், கிணறு, வயல். கண் சொருகியது. மறுபடி ஏரி, மறுபடி இழைகள். ஒரே ஒரு மஞ்சள் இழையில் மட்டும் என்னவோ நிரடியது. கனவில் அதைச் சரிசெய்தாள்.

வேலூரில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். மடியைப் பார்த்தாள். நூல் மொழுமொழுவென்று கிடந்தது. ஒரு முடிச்சு இல்லை. விரல்கள் தூக்கத்திலேயே எல்லாவற்றையும் கிள்ளி எடுத்து, உருட்டிச் சேர்த்துவிட்டிருந்தன.

"என்ன தனக்கோடியம்மா, இப்படிப் பண்ணிட்டீங்க?" டாக்டரம்மாவுக்கு நிஜமாகவே கோபம். "எதை வச்சு நான் அளவு சொல்றது? இன்னொரு மாசம் கணக்கு வைங்க. அதுவரைக்கும் எதுக்கும் இருக்கட்டும்னு குறைச்சே குடுக்கறேன்."

குறைத்தால் வெள்ளிக்கிழமை கை நனையும். தனக்கோடி கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடிச் சுருக்குப் பையை விரித்தாள். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகச் சின்னச் சின்ன முடிச்சுத் துணுக்குகள். பட்டுக் கழிவைத் தரையில் போடுகிற பழக்கம் அவள் வீட்டில் யாருக்கும் இல்லை. தூக்கத்திலும் விரல்கள் அதைப் பையில்தான் போட்டிருந்தன.

டாக்டரம்மா வெள்ளைத் தாளை விரித்தார். நர்ஸ் மூச்சுப் பட்டுப் பறந்துவிடாமல் ஒவ்வொன்றாக எண்ணினாள். சிவப்பு இருபத்தெட்டு. மஞ்சள் முப்பத்தொன்பது.

"நாளைக்குப் பத்து வந்தது, ஒண்ணு ஒண்ணரைக்கு வந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. கால் வீக்கம் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. பிறகு அந்த மஞ்சள் இழையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். "முடிச்சு எங்க இருந்துச்சு?"

"எனக்கே தெரிலம்மா."

"இது ஈரக் கையில நிக்குமா?"

"நிக்காதும்மா" என்று சொல்ல வாயெடுத்த தனக்கோடி பாதியில் நிறுத்திவிட்டுத் தன் உலர்ந்த உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதே அளவு. இதுதான் உங்களுது" என்று சீட்டில் எழுதினார் டாக்டரம்மா. "ஆறு மாசம் போகட்டும், அப்புறம் குறைக்க முடியுதான்னு பாப்போம்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சாம்பல் கிண்ணத்தோடு வேணுகோபாலின் தறியில் உட்கார்ந்தாள். ஆயிரம் இழை ஓடியிருக்கும், காதுமடல் சுட்டது. முன்பெல்லாம் அடக்கிக்கொண்டு, ஒளித்துக்கொண்டு, நனைந்த விரலோடு பிணைத்துக்கொண்டே இருப்பாள். இன்று கையை எடுத்தாள்.

"அண்ணா, எனக்குச் சூடு வருது. தூரம் நின்னவங்களுக்கு வர்றது. அஞ்சு நிமிசம் கழிச்சு உக்காந்துக்கறேன்."

ஓர் ஆணிடம் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வேணுகோபால் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "மெதுவா ஆவட்டும்மா. ஜல்தி ஒண்ணும் இல்ல. என் பொஞ்சாதியும் ராத்திரியெல்லாம் எழுந்து உக்காந்துகினு கிடக்கறா. நான் அவளைத்தான் திட்டிகினு இருந்தேன்."

சாயங்காலம் பாவை இழுத்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் இழையும் அச்சைத் தாண்டி வந்து நின்றது. வேணுகோபால் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அந்த டாக்டரம்மா வேலூர்ல எந்தத் தெருவுல இருக்காங்க?" என்று கேட்டார்.